வசந்தாவின் இடது கன்னம்

1

போன மாதம் என் மகள் வசந்தாவுக்கு அடையாள அட்டை மாற்ற தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தோம். பழைய அட்டை சட்டைப் பையோடு துவைக்கப் போய்க் கிழிந்துவிட்டது. இந்த நாட்டில் அட்டை இல்லாமல் ஒரு நாள்கூட வெளியே காலெடுத்து வைக்க மாட்டேன். வசந்தா இங்கேயே பிறந்தவள், அவளுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. வந்து இருபத்து நாலு வருசமாகியும் எனக்குச் சிவப்புதான். சிவப்பு அட்டைக்காரி கவுண்டரில் நிற்கும்போது, எதையோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டு நிற்பது போலவே இருக்கும்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரத் தம்பி பழைய படத்தைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பல் வலியா என்று மலாயில் கேட்டார். அவ்வளவு எனக்குப் புரியும். வசந்தா இல்லை என்று தலையாட்டிவிட்டு, கன்னத்தைத் தொட்டுக் காட்டி மளமளவென்று ஏதோ சொன்னாள். அவள் மலாய் பேசும் வேகத்துக்கு என்னால் ஓட முடியாது. அவர் "ஓ" என்று முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஊசி போட்டதால இப்படின்னு சொன்னேன்."

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் நம் ஆட்கள். எனக்கு முகம் சுருங்கிப் போனது. அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'யாவரும் நலம்' என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுத மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வசந்தாவுக்கு ஒன்பது வயதில் சின்னம்மை போட்டது. துறையூர்ப் பக்கம் எங்கள் ஊராக இருந்தால் வீட்டில் ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அரிக்கிற இடத்தில் வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே இருப்பார். பிள்ளையின் நகம் முகத்துக்குப் போகாது. இங்கே மூன்று நாள் நான் உட்கார்ந்தேன். அப்போது தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து மலை மலையாக வந்துகொண்டிருந்த சமயம். நாலாம் நாள் காலையில் கங்காணி எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் வந்து நின்றார். இன்றைக்கும் வரவில்லை என்றால் கணக்கு எழுதும் கிராணியிடம் நீயே பேசிக்கொள் என்றார். நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது பிள்ளை இடது கன்னத்தைச் சொறிந்து ரணமாக்கி வைத்திருந்தாள்.

ஏழு குழி. பெரியது ஒன்று கண்ணுக்குக் கீழே, மற்றவை அதைச் சுற்றி. எங்கள் ஊரில் அம்மைத் தழும்பு இல்லாத முகத்தைத்தான் தேட வேண்டும். யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளைப் 'பணியாரச் சட்டி' என்று கூப்பிட்டார்கள். வசந்தா அதையே சிரித்துக்கொண்டு சொல்வாள். நான்தான் ஒவ்வொரு தடவையும் கணக்காகக் குழியை எண்ணுவேன்.

அவளுக்கு இருபது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். டவுனில் படம் எடுப்பவரிடம் வலது பக்கம் தெரியும்படி எடுங்கள் என்று நானே சொன்னேன். அதுவே பெரிய தப்பு. படத்தைப் பார்த்துவிட்டு ஆசையாக வந்த இரண்டு குடும்பமும் நேரில் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் ஜாதகம் சரியில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தப் பாதையில்தான் அவர்களும் வந்தார்கள்.

வசந்தா அப்போது டவுனில் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். இங்கிலீஷும் பேசுவாள். வீட்டில் ஏதாவது கேட்டால் பாதி மலாயில் பதில் வரும். எனக்குப் புரியாத பாதியில் என்ன இருக்கும் என்று வேலை செய்துகொண்டே யோசிப்பேன்.

3

மூன்றாவதாகத் தாப்பா பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் லோரி ஓட்டுகிறவன், கெட்ட பழக்கம் இல்லை. பெண் பார்க்கத் தீபாவளி கழிந்து வருகிறோம் என்றார்கள். கையில் ஆறு மாதம் இருந்தது. அதற்குள் அந்தக் கன்னத்துக்கு ஒரு வழி தேட வேண்டும்.

பக்கத்து வீட்டு மேரியக்காதான் சொன்னார். அவருடைய நாத்தனார் ஈப்போவில் ஒரு சலூனில் வேலை செய்கிறார். அந்தத் தெருவில் மாடியில் ஒரு சீன அம்மா பள்ளமான கன்னத்துக்கு ஊசி போட்டு மேடாக்குகிறாளாம். மேரியக்கா நல்லதுக்குத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த விடுமுறையில் வசந்தாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாடி சுத்தமாக இருந்தது. அந்த அம்மா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எனக்குக் கை தானாகக் குவியும். சின்னப் புட்டியில் தண்ணீர் மாதிரி தெளிவாக, ஆனால் எண்ணெய் மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. என்ன இது என்று கேட்டேன். மருந்து என்றாள். அதோடு நான் திருப்தியாகிவிட்டேன். எப்படி வேலை செய்யும் என்று அவள் சொன்னதை வசந்தா எனக்குச் சொன்னாள். இந்த மருந்து கரையாதாம். சொட்டுச் சொட்டாகக் குழிக்கு அடியில் விட்டால், அந்தச் சொட்டைச் சுற்றி உடம்பே சதை கட்டிக்கொள்ளுமாம். ஆயுசுக்கும் இருக்குமாம். ஆயுசுக்கும் என்பதை அப்போது நல்ல செய்தியாகத்தான் கேட்டேன்.

வசந்தா என் காதருகில் வந்தாள்.

"இவங்க டாக்டராம்மா?"

"சும்மா இரு. காதுல விழுந்தா கோவிச்சுக்கப் போறாங்க."

அவ்வளவுதான் நான் செய்த விசாரணை. மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை போனோம். கொஞ்சம் வீங்கும், இரண்டு நாளில் வடியும். ஹோட்டலில் கொசு கடித்தது என்று சொல்லிக்கொண்டாள்.

கடைசித் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புதுப் பயம் வந்தது. இவள் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் விளையாட்டாக யாரிடமாவது சொல்லிவிட்டால்? அவள் கையை எடுத்து என் தலையில் வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உங்கப்பாகிட்டகூட. சொன்னா எங்கம்மா செத்துப் போவாங்கன்னு சொல்லு."

"என்னம்மா நீ, டிராமா மாதிரி."

"சொல்லு."

சிரிப்பு போய்விட்டது. சொன்னாள். ஊரில் நிலக்கடலை திருடியவனைக் கண்டுபிடிக்கக்கூட அம்மா தலையில் அடித்துத்தான் சத்தியம் வாங்குவோம். அதன் கனம் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

ஊசி வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். தீபாவளிக்குள் குழியெல்லாம் மேவி வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்காரர்கூட, பிள்ளைக்கு முகம் தெளிந்திருக்கிறதே, ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்றார். தாப்பாக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா வசந்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மோவாயைத் தொட்டுப் பார்த்தார். தை மாதம் பரிசம் போட்டோம்.

4

மூன்றாவது ஊசி போட்டு ஒரு வருசம் நெருங்கும்போது வசந்தாவுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் இடது கன்னம் சிவந்து, கல் மாதிரி கெட்டியாக நின்றது. கண்ணின் கீழ்ப்பாதி மூடிக்கொண்டது.

லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். அதற்குத் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டால் வீக்கம் இறங்கும் என்று இங்கேயும் வழக்கம் உண்டு. ஊரில் சங்கிலி இல்லாத வீட்டார் இருக்கிற வீட்டில் கேட்டு வாங்கிப் போடுவார்கள். நான் என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அவளுக்குப் போட்டேன். பொன்னுக்கு வீங்கி தாடைக்குக் கீழே வரும், இது குழி இருந்த இடத்தில் வந்திருக்கிறது. அது என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போட்டேன். ஊர் ஒரு பேர் வைத்துவிட்டதே, இந்தப் பேரிலேயே இறங்கிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேரியக்கா வாசலில் வந்து நின்றார். வசந்தாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஈப்போவுக்கு ஒரு எட்டுப் போய்க் கேட்டு வரலாமா என்றார். பொன்னுக்கு வீங்கிதாங்க்கா என்றேன். அவர் என்னைக் கேட்காமலே நாத்தனாருக்குப் போன் போட்டிருக்கிறார். மாடி பூட்டிக் கிடக்கிறது, அந்தச் சீன அம்மா எங்கே போனாள் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரசர் முகத்தில் ஏதாவது போட்டாளா என்று கேட்டார். கடைவாய்ப் பல் சொத்தை ஐயா என்றேன். மாத்திரை கொடுத்தார். ஆறாம் நாள் கன்னத்துத் தோல் நீலமாகப் பளபளக்கத் தொடங்கியதும், சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்த ஆறு நாளும் யார் என்ன கேட்டும் வசந்தா வாய் திறக்கவில்லை. வலியில் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

5

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். செய்தி எப்படியோ தாப்பாவுக்குப் போய், மறுநாளே சம்பந்தியம்மா ஒரு டின் மைலோவும் ஆரஞ்சுப் பழமுமாக பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் வந்து நின்ற நேரம் டாக்டரும் வந்தார். சின்ன வயசு, மலாய்க்காரர். கூட ஒரு தமிழ் மிஸ்ஸி. நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டுப் பேசினார். மிஸ்ஸி எங்களுக்குச் சொன்னார்.

"சீழ் கட்டியிருக்கும்னு நெனைக்கிறாரு. நாளைக்குக் காலையில கீறி எடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறாரு. இந்த எடத்துல இதுக்கு முந்தி ஊசி கீசி ஏதாச்சும் போட்டிருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மா கட்டில் கால்மாட்டில் நிற்கிறார்.

"பேச வலிச்சா தலைய ஆட்டு, போதும்," என்றார் மிஸ்ஸி வசந்தாவிடம்.

வசந்தா ஆட்டவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்தாள். என் முகத்தைக்கூட அல்ல. என் தலையை, சத்தியத்துக்கு அவள் கை வைத்த உச்சியை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை ஆறு நாளாக வலியில் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நான் செத்துவிடக் கூடாது என்று மூடிக்கொண்டிருக்கிறாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போட்டிருக்கு. ஈப்போவுல. மூணு தடவ. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவமேல தப்பில்ல."

மிஸ்ஸி திருப்பிச் சொல்வதற்கு முன்பே டாக்டருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லல்லம்மா?"

இல்லை என்றேன்.

நாளைக்குக் கீறுவதை டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்தப் புட்டியில் இருந்தது பெரும்பாலும் சிலிகோன் என்கிற எண்ணெயாக இருக்கும், வேறு எதையாவது கலந்தாளா என்று இனிமேல் தெரியாது என்றார். உள்ளே போன ஒவ்வொரு சொட்டையும் உடம்பு வேற்று ஆளாகப் பார்க்கிறது. விரட்ட முடியவில்லை. அதனால் சுற்றிலும் நார் நாராகப் பின்னி வேலி கட்டுகிறது. தோலுக்கு அடியில் தோலைத் தாங்கி நிற்கும் நாரும் அதுதானாம். குழி மேவியது மருந்தால் மட்டும் இல்லை, அந்த வேலியால்தான்.

எனக்கு அது சட்டென்று விளங்கியது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கையில் ஏறிய சிராயை எடுக்காமல் விட்டால், அதைச் சுற்றிச் சதை கெட்டியாகி உருண்டையாக நின்றுவிடும். அதையேதான் காசு கொடுத்துப் பிள்ளை கன்னத்தில் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

வேலி கட்டுவதை எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்புக்கு எப்போதும் தெரியாது என்றார். சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மாதங்கள் கழித்தோ வருசங்கள் கழித்தோ ஒரு காய்ச்சலோ பல்வலியோ வந்தால் திடீரென்று சிவந்து கட்டியாகும். எண்ணெய் போட்ட இடத்தில் இல்லாமல் கீழே இறங்கியும் போகும். ஊசி முனை ரத்தக் குழாயில் பட்டு மருந்து அதற்குள் போயிருந்தால் தோல் கறுத்து அழுகியிருக்கும், கண்ணே போனாலும் போயிருக்கும். அது நடக்காததற்குச் சாமியைக் கும்பிடுங்கள் என்றார் மிஸ்ஸி, அது அவர் சொந்தமாகச் சேர்த்தது. சீழ் என்று நினைத்துக் கீறியிருந்தால் புண் ஆறாமல் துவாரமாகவே நின்றிருக்கலாமாம்.

எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். மணலில் சிந்திய எண்ணெயை அள்ளச் சொல்கிறீர்கள் என்றார். சதையையும் சேர்த்துத்தான் அள்ள வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இப்போது மாட்டுத் தோலிலிருந்து எடுத்த புது மருந்து ஒன்று வந்திருக்கிறதாம். முதலில் கையில் போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போவார்களாம், அதுவும் சில மாதத்தில் கரைந்துவிடுமாம். மாடா என்று நான் பதறியதைப் பார்த்து வசந்தாவுக்கு அந்த வலியிலும் உதடு கோணியது. டாக்டர் சொல்ல வந்தது வேறு. அங்கேகூடக் கையில் போட்டுப் பார்க்கிறார்கள், நீங்கள் என்ன மருந்து என்றுகூடக் கேட்கவில்லை என்பதுதான்.

மாத்திரையிலும், அவர் போட்ட வேறு ஊசியிலும் பத்து நாளில் வீக்கம் முக்கால்வாசி இறங்கியது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி மட்டும் கன்னத்தில் நின்றுவிட்டது.

6

சம்பந்தியம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை பையில் இருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி வீங்குமாமா?"

"வீங்கலாம்ங்கிறாரு."

"நாளைக்குப் புள்ளகுட்டி உண்டானா, அதுக்கு ஏதாச்சும்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை நான் டாக்டரிடம் கேட்டபோது அவர் பக்கத்தில் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலங்கிறாரு, சம்பந்தி."

அவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"குழியோட காட்டியிருந்தா என் பையனுக்குக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. அதப் பேசி என்ன லா. கல்யாணத்துக்கு ஒரு வருசம் போவட்டும். நடுவுல வீங்குச்சுன்னா எனக்குச் சொல்லணும். வேற ஆளு சொல்லி என் காதுல விழுந்துச்சு, அன்னியோட சரி."

"வீங்குனா என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்குப் பாப்போம்."

வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் தான் வேலை செய்யும் தேயிலை பாக்டரி கேண்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். எட்டாம் நாள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மைத் தழும்பு என்னைவிடவா அவளுக்கு என்று தன் நெற்றியைக் காட்டினார். இத்தனை வருசத்தில் அவர் நெற்றியில் இருந்த குழிகளை நான் எண்ணியதே இல்லை.

அதற்குப் பிறகு தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வசந்தாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருக்கிறதா, கட்டி பெருத்திருக்கிறதா என்று. மலையில் குளிருக்கு என் விரலே ஜில்லென்று இருக்கும். உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட்டால் எல்லாமே சூடாகத் தெரியும். திரும்பத் தொடுவேன். நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"இனிமே நான் பாத்துச் சொல்றேம்மா. இருந்தா இருக்குன்னுவேன். இல்லன்னா இல்ல. நீ நம்பணும்."

நம்புவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அவள் குளிக்கும்போது, தலை வாரும்போது, ஓரக்கண்ணால் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் போகவில்லை.

7

இதை எழுதத் தொடங்கியபோது இவ்வளவுதான் சொல்ல இருந்தது. சம்பந்தியம்மா சொன்ன வருசத்தில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது, மீதி மூன்று மாதமும் ஓடிவிட்டால் போதும் என்று முடிக்க நினைத்திருந்தேன். மூன்று நாளாக அவளுக்குச் சளி. நேற்றுக் காலை கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றாள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் அடுத்த ரொட்டியைத் தட்டினேன்.

அவளே அடுப்படிக்கு வந்தாள்.

"லேசா சூடு இருக்கும்மா. அழுத்துனா வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வேலைக்குப் போறேன். தாப்பாவுக்கு ஹோட்டல்லேருந்து நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

சளிச் சூடாக இருக்கும், இரண்டு நாள் பார்க்கலாம், மூன்று மாதம்தானே பாக்கி, அதற்குள் தானாக இறங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது: இவ்வளவும் ஒரே மூச்சில் என் தொண்டைக்கு வந்துவிட்டது. அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

அடுப்பை அணைத்தேன். ரொட்டி பாதி வெந்தபடி கல்லிலேயே கிடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.